செப்டம்பர் 16: நமக்கும் பிறந்தநாள்

(சங்கத்தின் பொன்விழா நிகழ்ச்சிகளில் ஒன்றாக, 16.9.2024 அன்று பினாங்கில் நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற மீலாது, மலேசியா தின ஒன்றுகூடலில் முன்னாள் செயலாளர் ஒருவர் ஆற்றிய உரை)





இவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் மீலாது விருந்துக்கு வந்தவர்கள். இந்த ஆண்டு மௌலிது நாளும் மலேசியா தினமும் ஒரே திங்கட்கிழமையில் வந்து விழுந்துவிட்டன. அதனால் நாளைக்குப் பதில் விடுமுறை. யாருக்கும் அவசரம் இல்லை. சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் மலேசியா தினத்துக்கு ஒரு கூட்டம் போட்டோம். செயலவையில் இருந்தவர்கள் பதின்மூன்று பேர், வந்தவர்கள் பதினேழு பேர். அந்த நாலு பேரில் இருவர் ஒலிபெருக்கி வைக்க வந்தவர்கள்.

இந்த உரையைக் கேட்கத் தூண்டியவள் என் பேத்தி. வயது எட்டு. போன மாதம் பள்ளியில் கொடுத்த கொடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "நன்னா, மலேசியாவுக்கு எத்தன வயசு?"

நான் யோசிக்காமல் சொன்னேன்: "அறுபத்தேழும்மா."

அவள் அம்மா, என் மகள், அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அத்தா, தப்பா சொல்லிக் குடுக்காதீங்க. அறுபத்தொண்ணு."

ஆறு வருட வித்தியாசம். கணக்கில் இது சிறிய தொகை. ஆனால் இந்த ஆறு வருடத்துக்குள் நம் நாட்டின் பாதிக் கதை இருக்கிறது. நம் குடும்பங்களின் கதையும் கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

1957இல் பிறந்தது எது?

1957 ஆகஸ்டு 31 அன்று சுதந்திரம் பெற்றது மலாயாக் கூட்டரசு. பதினொரு மாநிலங்கள். நம் பினாங்கும் மலாக்காவும் அதற்கு முன் நீரிணைக் குடியேற்றங்களாக இருந்தவை; மற்ற ஒன்பதும் மலாய் மன்னர்களின் மாநிலங்கள். கொடியில் பதினொரு கோடுகள், பதினொரு முனை நட்சத்திரம். அந்த நாளில் சிங்கப்பூர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. சரவாக்கும், அன்று வட போர்னியோ எனப்பட்ட சபாவும் பிரிட்டிஷ் காலனிகளாக இருந்தன. அங்கே ஆளுநர் மாளிகையில் வெள்ளைக்கார ஆளுநர் இருந்தார்.

சரவாக்கின் கதை நம்முடையதைப் போன்றது அன்று. 1841இலிருந்து ஜேம்ஸ் புரூக்கும் அவர் வாரிசுகளுமாக மூன்று 'வெள்ளை ராஜாக்கள்' அதை ஆண்டார்கள். ஜப்பானியர் காலம் முடிந்தபின், 1946 ஜூலை 1ஆம் தேதி மூன்றாவது ராஜா அந்த நாட்டை பிரிட்டிஷ் அரசுக்கு விட்டுக்கொடுத்தார். சரவாக் மக்களில் பலர் அதை ஏற்கவில்லை; எதிர்ப்புப் போராட்டம் எழுந்தது. 1949 டிசம்பரில் சிபு நகரில் ஆளுநர் டங்கன் ஸ்டூவர்ட் கத்தியால் குத்தப்பட்டார். அதற்காக ரோஸ்லி டோபி என்ற இளைஞர் அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டார். சபாவை 1881 முதல் ஆண்டது ஓர் அரசன்கூட இல்லை, ஒரு கம்பெனி. அதுவும் 1946 ஜூலையில் காலனியானது. நாம் மெர்டேக்கா மெர்டேக்கா என்று ஏழு முறை முழங்கியதை அவர்கள் வானொலியில் வெளிநாட்டுச் செய்தியாகத்தான் கேட்டிருப்பார்கள்.

ஒரு விருந்துப் பேச்சில் தொடங்கியது

1961 மே 27. சிங்கப்பூர் அடெல்பி ஹோட்டலில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் ஏற்பாடு செய்த விருந்து. அங்கே துங்கு அப்துல் ரஹ்மான், மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை ஆகியவை நெருங்கி வரவேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். அந்த ஒரு பேச்சுதான் விதை.

விதை போட்டவுடன் மரம் வந்துவிடவில்லை. போர்னியோ மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய 1962 தொடக்கத்தில் கோபால்ட் பிரபு தலைமையில் ஐவர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் நம் பினாங்கைச் சேர்ந்தவர். அன்றைய பினாங்கு முதலமைச்சர் வோங் பாவ் நீ. இங்குள்ள பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த ஆணையத்தினர் ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். 4,000 பேருக்கு மேல் நேரில் வந்து கருத்துச் சொன்னார்கள். சுமார் 2,200 கடிதங்களும் மனுக்களும் வந்தன. முடிவில் ஆணையம் சொன்னது இதுதான்: மூன்றில் ஒரு பங்கினர் மலேசியா வேண்டும் என்று உறுதியாக இருக்கிறார்கள். இன்னொரு பங்கினர், வேண்டும், ஆனால் எங்களுக்குப் பாதுகாப்பு உறுதிகள் வேண்டும் என்கிறார்கள். மீதிப் பங்கினரில் சிலர் முதலில் தனிச் சுதந்திரம் கேட்கிறார்கள்; சிலர் பிரிட்டிஷாரே இருக்கட்டும் என்கிறார்கள்.

அந்த இரண்டாவது பங்கை மறந்துவிடாதீர்கள். 'வேண்டும், ஆனால்' என்று சொன்னவர்கள். ஒரு நிக்காஹ் பேசும்போது பெண் வீட்டார் என்ன செய்வார்கள்? சம்மதம் என்பார்கள், கூடவே மஹர் எவ்வளவு, பெண் எங்கே வாழ்வாள் என்று எழுதிக்கொள்வார்கள். அதில் அவநம்பிக்கை இல்லை, அது முறை. சபா தந்த இருபது அம்சக் கோரிக்கையும், சரவாக் தந்த பதினெட்டு அம்சக் கோரிக்கையும் அப்படிப்பட்டவை. சமயம், மொழி, குடிநுழைவு, நிலம், வரி என்று பட்டியல். இன்று நாம் விமானம் ஏறி கூச்சிங் போய் இறங்கினால் நம் அடையாள அட்டையைக் குடிநுழைவு முகப்பில் காட்டுகிறோம் அல்லவா? 'சொந்த நாட்டுக்குள்ள எதுக்கு இதெல்லாம்' என்று முணுமுணுக்கிறோம். அது அந்த ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த வாக்கு.

1962 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. டிசம்பர் 8 அன்று புருணையில் கிளர்ச்சி வெடித்தது. பின்னர் புருணை சேராமல் விலகிக்கொண்டது. 1963 ஜூலை 9 அன்று லண்டனில் மலேசியா ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஏன் 16?

ஒப்பந்தத்தின்படி மலேசியா பிறக்க வேண்டிய நாள் 1963 ஆகஸ்டு 31. மெர்டேக்கா நாளும் மலேசியா நாளும் ஒன்றாகவே இருந்திருக்கும். என் பேத்திக்குக் குழப்பமே வந்திருக்காது.

ஆனால் பக்கத்து நாடுகள் எதிர்த்தன. இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ இதைப் புதிய காலனித்துவம் என்றார். பிலிப்பைன்ஸ் சபாவின்மீது உரிமை கோரியது. மணிலாவில் மூன்று நாட்டுத் தலைவர்களும் கூடிப் பேசினார்கள். ஐக்கிய நாடுகள் சபை ஒரு குழுவை அனுப்பி, சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை மறுபடி சரிபார்க்கட்டும் என்று முடிவானது. மைக்கேல்மோர் என்பவர் தலைமையில் அந்தக் குழு வந்தது. அதன் வேலை ஆகஸ்டு 31க்குள் முடியவில்லை. நாள் தள்ளிப்போனது. பெரும்பான்மை மக்கள் மலேசியாவை ஏற்கிறார்கள் என்ற முடிவு செப்டம்பர் 14 அன்று வெளியானது. இரண்டு நாள் கழித்து நாடு பிறந்தது.

தள்ளிப்போன இந்த இடைவெளியையும் அவரவர் தம் வழியில் நிரப்பினார்கள். சரவாக்கில் அதற்கு முன்பே, ஜூலை 22 அன்று, ஸ்டீபன் காலோங் நிங்கான் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். ஆகஸ்டு 31 வந்தபோது சபா சுயாட்சி பெற்றது. சிங்கப்பூரும் தன்னாட்சியை அறிவித்துக்கொண்டது. இந்த நாட்களை அங்குள்ள மக்கள் இன்றும் மறக்கவில்லை. ஜூலை 22 'சரவாக் தினம்' என்று 2016 முதல் அம்மாநிலத்தின் பொது விடுமுறை. சபாவில் ஆகஸ்டு 31 என்றால் 1957 மட்டும் அன்று. 1963இன் சபா தினமும்கூட. நமக்கும் அப்படி ஒரு மாநில நாள் உண்டே: ஜூலை 7, ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரமான நாள். பினாங்குக்கு மட்டும் விடுமுறை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆசை நாள் இருப்பது நாட்டுப்பற்றுக்குக் குறைவன்று. வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிறந்தநாள் இருப்பது போலத்தான்.

எங்கள் கடையில் செப்டம்பர் 16

இனி என் நினைவிலிருந்து கொஞ்சம். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் அத்தா இராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர். சூலியா தெருவின் ஓரத்தில் ஒட்டுக்கடை வைத்திருந்தார். சிகரெட், தீப்பெட்டி, மிட்டாய், அத்துடன் பணம் மாற்றும் வியாபாரமும். கப்பலில் வருகிறவர்களின் ரூபாய், பவுன், இந்தோனேசிய ரூப்பியா எல்லாம் எங்கள் பெட்டியில் கிடக்கும். அத்தாவின் தம்பி, என் சின்னத்தா, சிங்கப்பூரில் ஒரு மளிகைக்கடையில் கணக்குப்பிள்ளை.

1963 செப்டம்பர் 16 ஒரு திங்கட்கிழமை. அத்தா தெருவில் விற்ற காகிதக் கொடி ஒன்றை வாங்கிக் கடையில் குத்தினார். நான் கோடுகளை எண்ணினேன். பள்ளியில் பதினொன்று என்று படித்திருந்தேன். இதில் பதினான்கு இருந்தன. "அத்தா, இது தப்பான கொடி" என்றேன். அத்தா சிரித்தார். "தப்பு இல்லடா. சின்னத்தா ஊரும் இப்ப நம்ம ஊராயிடுச்சு. அதான் கோடு கூடிருக்கு."

அவருக்கு மலேசியா என்றால் அதுதான். தம்பியின் ஊர் தம் ஊரானது. சிங்கப்பூரில் லீ குவான் இயூ அன்று பிரகடனத்தை வாசித்தார். அன்று அவருடைய நாற்பதாவது பிறந்தநாளும்கூட. அன்று ஜெசல்டன் எனப்பட்ட கோத்தா கினபாலுவில் டொனால்ட் ஸ்டீபன்ஸ் பிரகடனத்தை வாசித்தார். மறுநாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் துங்கு. இந்தப் பெயர்களெல்லாம் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது சின்னத்தாவும் பதினான்கு கோடும்தான்.

மகிழ்ச்சி அதிக நாள் நீடிக்கவில்லை. இந்தோனேசியாவுடனான உறவு முறிந்தது, வணிகத்தையும் அது நிறுத்தியது. கான்ஃபிரண்டாசி என்ற அந்தப் பகைமை 1966 ஆகஸ்டு வரை இருந்தது. எல்லைச் சண்டை போர்னியோக் காடுகளில் நடந்தது. அதன் அடி பினாங்குத் துறைமுகத்திலும் விழுந்தது. சுமத்ராவிலிருந்து வந்த சரக்கு நின்றது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம்மவர் பலருக்கு வேலை குறைந்தது. எங்கள் கடையில் ரூப்பியா மாற்ற ஆள் வரவில்லை.

பிறகு 1965 ஆகஸ்டு 9. சிங்கப்பூர் பிரிந்தது. அதுவும் ஒரு திங்கட்கிழமைதான். அத்தா அன்று கடையில் யாரிடமும் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஒரு பத்து வெள்ளி நோட்டு

இப்போது நான் கையில் வைத்திருக்கும் இந்த நோட்டைப் பாருங்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, பிறகு காட்டுகிறேன். இது 1961ஆம் ஆண்டுப் பத்து வெள்ளி. எருமை பூட்டி உழும் படம் போட்டது; நம் மூத்தவர்கள் எருமை நோட்டு என்பார்கள். இதன்மேல் மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ என்று அச்சிட்டிருக்கும். அதாவது, மலேசியா பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1953 முதல், மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை எல்லாவற்றுக்கும் ஒரே பணம்தான். கூச்சிங்கில் மீன் வாங்கிய நோட்டு சுற்றிச் சுற்றிச் சூலியா தெருவில் சிகரெட் வாங்கியிருக்கலாம்.

சின்னத்தா அனுப்பும் பத்து வெள்ளியும் அத்தா பெட்டியில் இருக்கும் பத்து வெள்ளியும் ஒரே பத்து வெள்ளி. 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. சரிக்குச் சரி மாற்றலாம் என்று இருந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. 1973 மே மாதம் அந்த ஏற்பாட்டையும் மலேசியா முடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தம்பி ஊர்ப் பணத்துக்கு அத்தா விலைப்பலகை எழுத வேண்டியதாயிற்று. பலகையில் ரூபாய்க்குக் கீழே, பவுனுக்குக் கீழே, சிங்கப்பூர் வெள்ளி. அத்தா அந்த வரியை எழுதும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், பிறகு எழுதினார். இன்று அந்த ஒரு வெள்ளி நமது மூன்று வெள்ளிக்கும் மேல்.

1967இல் எல்லையில் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அதுவரை இரவு ரயிலில் ஏறித் தஞ்சோங் பாகாரில் இறங்கினால் சின்னத்தா வீடு. அதன்பின் அத்தா மலேசியக் குடிமகன், சின்னத்தா சிங்கப்பூர்க் குடிமகன், ஊரில் இருந்த பெரியத்தா இந்தியக் குடிமகன். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மூவருக்கு மூன்று பாஸ்போர்ட். நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படி எத்தனை வீடு உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

பழைய நோட்டுகளை மாற்றிக்கொள்ளச் சொன்ன காலத்தில் அத்தா எல்லாவற்றையும் மாற்றினார். இந்த ஒன்றை மட்டும் மாற்றவில்லை. இது 1963 செப்டம்பரில் மலேசியா பிறந்த வாரத்தில் சின்னத்தா கடிதத்துக்குள் மடித்து அனுப்பியது. "பணம் மாத்துற கடைக்காரன் நீங்களே மாத்தாம வச்சிருக்கீங்களே" என்று உம்மா கேலி செய்வார்கள்.

அத்தாவுக்கு செப்டம்பர் 16 என்றால் சிங்கப்பூர்தான். அது போனதும் அந்த நாளும் எங்கள் வீட்டில் போய்விட்டது. அப்பா விட்டதைப் பிள்ளையும் விட்டேன். சபாவும் சரவாக்கும் நம்மோடு இருக்கின்றன என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. நாட்டிலும் அப்படித்தான் இருந்தது. பல்லாண்டு காலம் பெரிய விழா எல்லாம் ஆகஸ்டு 31க்குத்தான். செப்டம்பர் 16 போர்னியோ மாநிலங்களின் விஷயம் என்று தீபகற்பத்தில் இருந்துவிட்டோம். 2009 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் அறிவித்து, 2010 முதல்தான் அது நாடு முழுவதற்கும் பொது விடுமுறையானது. 47 ஆண்டுகள் கழித்து! 2021 டிசம்பரில் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, 1963 மலேசியா ஒப்பந்தத்தையும் மலேசியா தினத்தையும் அதில் எழுதிச் சேர்த்தார்கள்.

கூச்சிங்கில் எனக்குக் கிடைத்த பாடம்

என் மகளுக்கு முதல் ஆசிரியப் பணி சரவாக்கில் கிடைத்தது. வீட்டில் ஒரே அழுகை. 'கடல் தாண்டியா' என்று என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. இராமநாதபுரத்திலிருந்து கடல் தாண்டி வந்த குடும்பம் நாம். கூச்சிங் போக அழுதோம்.

2014 ஆகஸ்டு இறுதியில் அவளைப் பார்க்கப் போனேன். அவளுடன் வேலை பார்க்கும் இபான் ஆசிரியை ஒருவர், வயதில் மூத்தவர், எங்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். நமக்காக ஹலால் கடையில் வாங்கிய உணவு, புதுத் தட்டு. அவ்வளவு கவனம். நான் கையைக் கொடுத்து, "செலாமாட் ஹாரி மெர்டேக்கா, நம் நாட்டுக்கு ஐம்பத்தேழு வயது" என்றேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்கிள், ஐம்பத்தேழில் இங்கே வெள்ளைக்கார ஆளுநர் இருந்தார். நாம் சேர்ந்து ஐம்பத்தொன்றுதான் ஆகிறது. இன்னும் இரண்டு வாரம் இருங்கள், அதையும் கொண்டாடிவிட்டுப் போகலாம்."

பிறகு அவரே என்னிடம் கேட்டார், "இந்தியா தெரு பள்ளிவாசலைப் பார்த்தீர்களா?" என்று. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மறுநாள் மகள் கூட்டிப் போனாள். கூச்சிங் கடைவீதியில், இந்தியா தெருவுக்கும் கேம்பியர் தெருவுக்கும் நடுவில் ஒரு சந்து. இரண்டு கடைகளுக்கு இடையே ஆள் நுழையும் வழி. உள்ளே போனால் பள்ளிவாசல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. சுற்றிலும் மசாலாக் கடை, துணிக்கடை. வாசனையை முகர்ந்தால் நம் பினாங்குக் கடைத்தெருவேதான். அஸர் தொழுதுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் தெரியுமா? இந்தச் சங்க மேடையில் எத்தனையோ முறை நான் குறைப்பட்டிருக்கிறேன். 'நம் வரலாறு யாருக்கும் தெரிவதில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இலிருந்து இங்கே நிற்கிறது, ஆனால் நம்மை நாசி கண்டாரோடு நிறுத்திவிடுகிறார்கள்' என்று. அது நியாயமான குறைதான். ஆனால் அந்த ஆசிரியைக்கு நம் பள்ளிவாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அவருடைய நாட்டுக்கு எத்தனை வயது என்று எனக்குத் தெரியவில்லை. மறந்தார்கள் மறந்தார்கள் என்று பேசிய நானும் மறந்தவர்களில் ஒருவன். நம்மை நினைவில் வைக்கச் சொல்லும் உரிமை, பிறரை நினைவில் வைப்பவருக்குத்தான் முழுதாக உண்டு.

சபாவில் கெனிங்காவ் என்ற ஊரில் ஒரு கல் நிற்கிறது. பத்து சும்பா, அதாவது சத்தியக் கல். 1964இல் நாட்டப்பட்டது. சமயச் சுதந்திரம் இருக்கும், நிலம் மாநில அரசின் கையில் இருக்கும், மக்களின் வழக்கங்கள் மதிக்கப்படும். அதற்கு ஈடாக அவர்கள் மலேசியாவுக்கு விசுவாசமாக இருப்பார்கள். காகிதத்தில் எழுதியது போதாது, கல்லில் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாக்கு யார் கொடுத்தது? மலேசியா என்ற பெயரில் நாம் எல்லாரும் கொடுத்தது.

இந்த நாளை எப்படிக் கொண்டாடுவது?

கொடி ஏற்றுவது, நெகாராகூ பாடுவது, ஊர்வலம் எல்லாம் அரசு செய்கிறது. ஆகஸ்டு தொடங்கி இன்றுவரை வீட்டிலும் கடையிலும் ஜாலோர் கெமிலாங் பறக்கவிடும் வழக்கம் நம்மிடமும் வந்துவிட்டது, நல்லது. செப்டம்பர் 16இன் தேசிய விழா பெரும்பாலும் சபாவிலும் சரவாக்கிலும் மாறி மாறி நடக்கிறது, அதுவும் நல்லது. சங்கமாக நாம் செய்யக்கூடியவை மூன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, அடுத்த ஆண்டும் இந்த நாளில் கூடுவோம். பிறைக் கணக்குப்படி மீலாது பதினொரு நாள் முன்னே போய்விடும். அப்போது மலேசியா தினம் தனியாக நிற்கும். நெய்ச்சோறு இருக்கும் என்று நான் செயலவையிடம் சொல்லி வைக்கிறேன். நீங்கள் வாருங்கள்.

இரண்டு, நம் பினாங்குப் பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகளிலும் சபா, சரவாக் பிள்ளைகள் படிக்கிறார்கள். விமானக் கட்டணம் அதிகம் என்பதால் சிறு விடுமுறைக்கு ஊருக்குப் போகமாட்டார்கள். அந்த நாளில் அவர்களை நம் மண்டபத்துக்கு அழைப்போம். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி. அந்த ஆசிரியை எனக்காகப் புதுத் தட்டு வாங்கினார். அந்தக் கடன் என்மேல் இருக்கிறது.

மூன்று, இளைஞர்களுக்கு. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பாஸ்போர்ட், சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமைச் சான்றிதழ், கப்பல் டிக்கெட், கடிதம் ஏதாவது இருக்கும். மூத்தவர் மவுத்தானதும் அறையைச் சுத்தம் செய்கிறோம் என்று அவற்றைத்தான் முதலில் குப்பையில் போடுகிறோம். போடுமுன் சங்கத்துக்கு ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். மூத்தவர் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். 1963 செப்டம்பர் 16 அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். நானே அன்று ஒன்பது வயதுப் பையன், இன்று எழுபது.

நம் சங்கத்துக்கு 50 வயது. மலேசியாவுக்கு 61. நம்மைவிடப் பதினொரு வயது மூத்த வீடு இது. இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் பலர், பிரிந்து போனவரும் உண்டு. சின்னத்தாவின் மகன், என் தம்பி, சிங்கப்பூரிலிருந்து இன்று நம் பொன்விழாவுக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் நாட்டுப் பிறந்தநாள் ஆகஸ்டு 9. போன மாதம் நான் வாழ்த்துச் சொன்னேன். இன்று காலை சுபுஹுக்குப் பிறகு அவர் எனக்கு வாழ்த்துச் சொன்னார். அத்தாவும் சின்னத்தாவும் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியாது. சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த எருமை நோட்டை இன்று சங்கத்தின் காட்சிப் பேழைக்குக் கொடுக்கிறேன். என் பேத்தி இதைத் தலைவரிடம் ஒப்படைப்பாள். யாராவது அவளிடம் மலேசியாவுக்கு எத்தனை வயது என்று கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொல்வாள்.

இந்த நாட்டையும், இதில் வாழும் எல்லா மக்களையும், நம் பிள்ளைகளையும் அல்லாஹ் அமைதியோடும் ஒற்றுமையோடும் வைத்திருப்பானாக. ஆமீன்.